"மேப் வருது, புள்ளி வரல": பைத்தானில் நேரலைப் படங்களைப் பழுது பார்ப்பது

எங்கள் நிலவியல் துறையின் நடைபாதையில் ஒரு பழைய டிவி மாட்டியிருக்கிறது. அதில் நாள் முழுக்க ஒரு உலக மேப் ஓடும். எங்கே நிலம் நடுங்கினாலும் கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு வட்டம் தோன்றும். ஆழத்துக்குத் தக்க நிறம், அளவுக்குத் தக்க பருமன். மேப்புக்குக் கீழே ஒரு சின்ன பிளாட், கடந்த 24 மணி நேர நடுக்கங்களை நேர வரிசையில் காட்டும். பின்னால் ஓடுவது பைத்தான், படம் வரையும் மேட்பிளாட்லிப், அதற்கு மேப் சேர்க்கும் கார்ட்டோபை. தரவு, அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனமான யூஎஸ்ஜிஎஸ் இலவசமாகத் தரும் ஜியோஜேசான் ஃபீட், அதாவது இடக் குறிப்போடு வந்து, தொடர்ந்து புதுப்பிக்கப்படும் தரவுக் கோப்பு. நான் அங்கே ஆய்வகப் பொறுப்பாளர். மாணவர்கள் இதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் ஒன்று எழுதுவார்கள், அப்புறம் லேப்டாப்போடு என் மேசைக்கு வருவார்கள்.

"சார், மேப் வருது, புள்ளி வரல."

"டெர்மினல்ல என்ன வருது?"

"ஒண்ணும் வரல சார். எர்ரரே இல்ல."

எர்ரர் இல்லாததுதான் நேரலைப் படத்தின் பெரிய தொல்லை. இங்கே மூன்று வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. தரவு வந்து சேர வேண்டும். வந்த தரவு படத்தில் உள்ள வட்டத்துக்கோ கோட்டுக்கோ ஏற வேண்டும். ஏறியது திரையில் பூசப்பட வேண்டும். மூன்றில் எது நின்றாலும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுதான்: அசையாத படம். எது நின்றது என்று பிரித்துப் பார்க்காமல், கிடைத்த வரியை எல்லாம் ஒட்டிப் பார்ப்பதால்தான் ஒரு சாயங்காலம் முழுக்கப் போய்விடுகிறது.

பிரித்துப் பார்க்க இரண்டு வரி போதும். படத்தைப் புதுப்பிக்கும் ஃபங்ஷனின் கடைசியில், எத்தனை புள்ளிகள் கைவசம் இருக்கின்றன என்று பிரிண்ட் செய்யுங்கள். அடுத்த வரியில் ஃபிக்.சேவ்ஃபிக் போட்டு அந்தப் படத்தை ஒரு பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். (கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படி தமிழிலேயே எழுதுகிறேன், அடிக்கோடு வரும் இடத்தில் அடிக்கோடு இருக்கும். பிஎல்டி என்பது மேட்பிளாட்லிப்பின் பைபிளாட், ஃபிக் முழுப் படம், ஏஎக்ஸ் அதற்குள் இருக்கும் ஒரு அச்சுச் சட்டம்.) சேவ்ஃபிக் ஒவ்வொரு முறையும் படத்தை முதலிலிருந்து வரைந்து கோப்பில் எழுதும், திரையில் இருக்கும் விண்டோவை நம்பி இருக்காது. ஆகவே, பிரிண்ட் எண்ணிக்கையே மாறவில்லை என்றால் தரவு வரவில்லை. எண்ணிக்கை மாறுகிறது, கோப்பில் புதுப் புள்ளி இல்லை என்றால் தரவு படத்தில் ஏறவில்லை, அல்லது மேப்பில் தப்பான இடத்தில் ஏறியிருக்கிறது. கோப்பில் புள்ளி இருக்கிறது, விண்டோவில் இல்லை என்றால் பூசும் வேலை நின்றிருக்கிறது. பிரிண்டும் வரவில்லை, கோப்பும் உருவாகவில்லை என்றால் உங்கள் ஃபங்ஷனை யாரும் கூப்பிடவே இல்லை.

என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் கடைசி இரண்டில்தான் மாட்டியிருப்பார்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

விண்டோ உறைந்து நிற்கிறது

ஒயில் (while) லூப் ஒன்று எழுதி, உள்ளே புள்ளிகளை மாற்றி, டைம்.ஸ்லீப்(60) போட்டிருப்பார்கள். விண்டோ வெள்ளையாக வரும், மவுஸ் சுற்றிக்கொண்டே இருக்கும், "பதிலளிக்கவில்லை" என்று தலைப்பில் விழும். விண்டோவைப் பூசுவது, பெரிதாக்குவது, மூடும் பொத்தானைக் கவனிப்பது எல்லாம் பின்னால் ஓடும் ஈவென்ட் லூப்பின் வேலை. டைம்.ஸ்லீப் அந்த லூப்பையும் சேர்த்துத் தூங்க வைத்துவிடும். அதற்குப் பதில் பிஎல்டி.பாஸ்(60) என்று எழுதுங்கள். அதுவும் 60 விநாடி காத்திருக்கும்; ஆனால் காத்திருக்கும் நேரம் முழுக்க விண்டோவின் வேலைகள் நடக்க விடும்.

பாஸில் ஒரு எரிச்சல் உண்டு. சில கணினிகளில் ஒவ்வொரு முறையும் விண்டோ மேலே தாவி வரும். நீங்கள் வேறு எதையோ டைப் செய்துகொண்டிருந்தால் பாதி எழுத்து அங்கே போய் விழும். அப்போது மேட்பிளாட்லிப்பின் அமைப்புப் பட்டியலான ஆர்சிபாராம்ஸில் ஃபிகர்.ரெய்ஸ்_விண்டோ என்பதை ஃபால்ஸ் ஆக்கிவிடலாம். அல்லது பாஸை விட்டுவிட்டு, கேன்வாஸின் டிரா_ஐடில், ஃபிளஷ்_ஈவென்ட்ஸ் இரண்டையும் நீங்களே அடிக்கடி கூப்பிடலாம். டிரா_ஐடில் "பூச வேண்டும்" என்று சீட்டு எழுதி வைக்கும், ஃபிளஷ்_ஈவென்ட்ஸ் அந்தச் சீட்டைப் பார்க்க வைக்கும். முதலாவதை மட்டும் கூப்பிட்டுவிட்டு ஏன் மாறவில்லை என்று கேட்பவர்கள் நிறைய.

பிஎல்டி.ஷோவை லூப்புக்கு மேலே எழுதினால் கதை வேறு. விண்டோவை மூடும்வரை ஷோ அடுத்த வரிக்கு விடாது. முதல் படம் அழகாக நிற்கும், லூப் தொடங்கவே தொடங்காது. மூடிய பிறகு வெறும் பிரிண்ட் மட்டும் ஓடும். மேலே பிஎல்டி.அயான் போட்டுவிட்டால் ஷோ காத்திருக்காது. ஆனால் லூப் இல்லாத ஸ்கிரிப்ட்டில் அயான் போட்டால் விண்டோ மின்னி மறைந்துவிடும், ஏனென்றால் ஸ்கிரிப்ட் முடிந்ததும் பைத்தான் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு போய்விடும்.

விண்டோவே வரவில்லையா? படத்தைத் திரையிலோ கோப்பிலோ வரைந்து தரும் உள்பகுதிக்கு பேக்எண்ட் என்று பெயர். எது ஓடுகிறது என்று மேட்பிளாட்லிப்.கெட்_பேக்எண்ட் கூப்பிட்டுப் பாருங்கள். டிகேஆக், க்யூடிஆக், மேக்ஓஎஸ்எக்ஸ் என்று ஏதாவது வந்தால் சரி. வெறும் ஆக் என்று வந்தால், அந்த பேக்எண்டுக்குக் கோப்பில் எழுத மட்டும்தான் தெரியும், திரை என்று ஒன்று இருப்பதே தெரியாது. ராஸ்பெரி பை, உபுண்டு கணினிகளில் டிகின்டர் பொதி தனியாக நிறுவப்பட வேண்டும். அது இல்லாவிட்டால் மேட்பிளாட்லிப் பேசாமல் ஆக்குக்கு இறங்கிவிடும். எஸ்எஸ்எச் வழியாக இன்னொரு கணினியில் நுழைந்து ஓட்டினாலும் இதே கதைதான்.

ஜூபிட்டர் நோட்புக்கில் இன்லைன் பேக்எண்ட் ஒவ்வொரு செல்லின் முடிவிலும் படத்தை ஒரு ஃபோட்டோவாக ஒட்டிவிடும். ஒட்டிய ஃபோட்டோ நகராது. ஐபிஎம்பிஎல் நிறுவி, செல்லின் தலையில் சதவீதக் குறியோடு மேட்பிளாட்லிப் விட்ஜெட் என்று எழுதினால் உயிருள்ள படம் வரும். அதற்கு வழியில்லாத இடத்தில், கிளியர்_அவுட்புட்டுக்கு வெயிட்=ட்ரூ கொடுத்து, டிஸ்ப்ளே(ஃபிக்) என்று திரும்பத் திரும்ப ஒட்டலாம். வெயிட் இல்லாவிட்டால் படம் மினுக்கிக்கொண்டே இருக்கும். என் கருத்தைக் கேட்டால், நாள் கணக்கில் ஓட வேண்டிய எதையும் நோட்புக்கில் வைக்காதீர்கள். ஸ்கிரிப்ட்டாக எழுதுங்கள்.

ஃபங்க்அனிமேஷன் பற்றி

ஒயில் லூப்பை விட, குறித்த இடைவெளியில் உங்கள் ஃபங்ஷனைத் தானே கூப்பிடும் ஃபங்க்அனிமேஷன் நல்ல வழி. ஆனால் அதைக் கூப்பிட்டு வரும் பொருளை ஒரு மாறியில் பிடித்து வைக்க வேண்டும். வெறுமனே கூப்பிட்டு விட்டால், யாரும் பிடித்திருக்காத பொருளைப் பைத்தான் குப்பையில் போட்டுவிடும். படம் முதல் ஃப்ரேமிலேயே நிற்கும். "ஒன்றும் வரையாமலே அனிமேஷன் அழிக்கப்பட்டது" என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை டெர்மினலில் வரும், யாரும் படிப்பதில்லை. மாறியில் வைத்தும் நின்றால், அந்த மாறி ஒரு ஃபங்ஷனுக்குள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். ஃபங்ஷன் முடிந்ததும் மாறியும் போய்விடும். ரிட்டர்ன் செய்து வெளியே எடுங்கள், கிளாஸாக எழுதியிருந்தால் செல்ஃபில் மாட்டுங்கள்.

இன்டர்வல் மில்லிவிநாடிக் கணக்கு. 60 என்று கொடுத்துவிட்டு நிமிடத்துக்கு ஒரு முறை என்று நினைத்தால், விநாடிக்குப் பதினாறு முறை யூஎஸ்ஜிஎஸ் கதவைத் தட்ட முயல்வீர்கள். அவர்களுடைய ஃபீட்டே நிமிடத்துக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கப்படுகிறது. 60000 கொடுங்கள்.

அடுத்தது, தரவை இறக்கும் வேலையை அனிமேஷன் ஃபங்ஷனுக்குள்ளேயே வைப்பது. ஒரே ஆள் டீயும் ஆற்றி, பால் வாங்கவும் ஓடும் கடை மாதிரிதான் அது: அவர் திரும்பி வரும்வரை யாருக்கும் டீ கிடையாது. நெட் மெதுவாக இருக்கும் நாளில் விண்டோ அத்தனை நேரமும் உறைந்திருக்கும். ரிக்வெஸ்ட்ஸ்.கெட்டுக்கு டைம்அவுட் கொடுக்காவிட்டால் அது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கும். அப்படி உறைந்த விண்டோ தானாக மீளாது. டைம்அவுட்=10 என்பதை முதலில் எழுதுங்கள். அப்புறம் இறக்கும் வேலையைத் தனி த்ரெட்டுக்கு, அதாவது பக்கத்தில் தனியாக ஓடும் கிளைக்கு, அனுப்புங்கள். த்ரெட் தரவை இறக்கி ஒரு க்யூவில் போடட்டும். அனிமேஷன் ஃபங்ஷன் கெட்_நோவெயிட் போட்டு எடுத்துக்கொள்ளட்டும், க்யூ காலியாக இருந்தால் பேசாமல் திரும்பட்டும். இப்படிப் பிரித்துவிட்டால் இன்டர்வலை ஒரு விநாடிக்குக் குறைத்துக்கொள்ளலாம், நிமிடக் கணக்கு த்ரெட்டோடு போய்விடும். த்ரெட்டுக்கு டீமன்=ட்ரூ மறக்க வேண்டாம், இல்லையென்றால் விண்டோவை மூடிய பிறகும் புரோகிராம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்.

த்ரெட்டுக்குள்ளிருந்து படத்தைத் தொடவே கூடாது. ஒரு செட்_டேட்டாதானே என்று தொட்டால் சில நாள் ஓடும், சில நாள் "மெயின் த்ரெட் மெயின் லூப்பில் இல்லை" என்று டிகின்டர் விழுந்துவிடும். சில நாள் ஓடுவதுதான் இதில் மோசம்.

புள்ளி ஏறுகிறதா

கோப்பிலேயே புள்ளி இல்லை என்றால் இங்கே தேட வேண்டும்.

ஒவ்வொரு சுற்றிலும் ஏஎக்ஸ்.ஸ்கேட்டர் என்று புதிதாக வரைபவர்கள் உண்டு. படம் சரியாகவே வரும், ஆனால் பழைய புள்ளிகளின் மேல் புதுப் புள்ளிகள் அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே போகும். ஃபீட்டிலிருந்து நீங்கிய நடுக்கம்கூடத் திரையில் நிற்கும். லென்(ஏஎக்ஸ்.கலெக்ஷன்ஸ்) என்று பிரிண்ட் செய்தால் எண் ஏறுவது தெரியும். இதற்குப் பயந்து ஏஎக்ஸ்.சிஎல்ஏ போட்டால் கடற்கரைக் கோடும் மேப்பின் எல்லையும் சேர்ந்து அழியும். ஸ்கேட்டரை ஆரம்பத்தில் ஒரே முறை, காலியாகக்கூட, உருவாக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் செட்_ஆஃப்செட்ஸ் மூலம் இடத்தையும், செட்_சைஸஸ் மூலம் பருமனையும், செட்_அரே மூலம் நிறத்துக்கான எண்களையும் மாற்றுங்கள்.

மூன்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும். இடங்கள் 40 ஆகி, பருமன் பட்டியல் பழைய 25-லேயே நின்றால், மேட்பிளாட்லிப் எர்ரர் சொல்லாது. 26-வது புள்ளிக்கு முதல் புள்ளியின் பருமனைப் போட்டுச் சுற்றி வரும். நிறமும் அப்படியே. அலாஸ்காவின் ஒரு குட்டி நடுக்கத்துக்கு இந்தோனேசியாவின் பருமன் வந்து நிற்கும். படம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், தகவல் பொய்.

செட்_ஆஃப்செட்ஸ் எதிர்பார்ப்பது இரண்டு நெடுவரிசை கொண்ட அரே: முதலில் தீர்க்கரேகை, அடுத்து அட்சரேகை. இரண்டு தனிப் பட்டியலாகக் கொடுக்கும் பழக்கம் கோட்டுப் படத்தின் செட்_டேட்டாவுடையது; இங்கே என்பி.காலம்_ஸ்டாக் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். நடுக்கமே இல்லாத நேரத்தில் காலிப் பட்டியலை அப்படியே கொடுத்தால் எர்ரர் வரும், என்பி.எம்ப்டி((0, 2)) கொடுங்கள். அளவு 4.5-க்கு மேற்பட்ட நடுக்கங்களின் ஒரு மணி நேர ஃபீட்டை எடுப்பவர்கள் இதை முதல் நாளே சந்திப்பார்கள், அது பல சமயம் காலியாகத்தான் இருக்கும்.

நடுக்கத்தின் அளவு எதிர்மறை எண்ணாகவும் வரும் என்பது பலருக்கு நம்ப முடியாத செய்தி. மிகச் சிறிய அதிர்வுகளுக்கு −0.5 என்றெல்லாம் வரும், கலிஃபோர்னியா, அலாஸ்கா பக்கம் சாதாரணம். பருமனை "அளவு பெருக்கல் 10" என்று எழுதியிருந்தால் அந்தப் புள்ளிகள் காணாமல் போகும், எதிர்மறைப் பரப்பளவுக்கு வட்டம் வரைய முடியாதே. நான் வைத்திருப்பது 4 * 2 ** அளவு (2-இன் அடுக்காக அளவு). −0.5-க்கு 2.8 வரும், 9-க்கு 2048 வரும், எப்போதும் நேர்மறை. ஸ்கேட்டரில் எஸ் என்பது விட்டம் இல்லை, பாயின்ட்டில் கணக்கிட்ட பரப்பு. ஆகவே 2048 என்றாலும் திரையை அடைக்காது. உண்மையில் அளவு ஒன்று கூடினால் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு கூடுகிறது. அதை அப்படியே வரைந்தால் 2004 சுமத்ரா நடுக்கத்தின் 9.1-க்கு டிவி போதாது. அளவு இன்னும் கணிக்கப்படாத நடுக்கத்துக்கு எண் வராது, மதிப்பே இல்லை என்ற பொருளில் 'நல்' (null) என்று வரும். அதையும் பைத்தானில் 'நன்' (None) என்று பிடித்து ஒதுக்க வேண்டும்.

நிறம் மாறவே இல்லை என்று வருபவர்களுக்கு ஒரே கேள்வி: விமின், விமேக்ஸ் கொடுத்தீர்களா? கொடுக்காவிட்டால் முதலில் வந்த தரவின் எல்லைதான் நிறத்தின் எல்லை. முதல் சுற்றில் எல்லாம் 10 கிலோமீட்டர் ஆழமாக இருந்தால், பின்னால் ஃபிஜிக்கு அடியில் 600 கிலோமீட்டரில் வருவதும், 200-இல் வருவதும் ஒரே ஓரத்து நிறத்தில் நிற்கும். நடுக்கங்கள் ஏறக்குறைய 700 கிலோமீட்டர் ஆழம்வரைதான் நடக்கின்றன, 0 முதல் 700 என்று ஆரம்பத்திலேயே கட்டிவிடுங்கள். இம்ஷோ, பிகலர்மெஷ் படங்களுக்கும் இதே விதி. கான்டூர்எஃப் மட்டும் தனி ரகம், அதற்குத் தரவை மாற்றும் வசதியே கிடையாது. பழையதை ரிமூவ் செய்து புதிதாக வரைய வேண்டும், 3.8-க்கு முந்தைய பதிப்புகளில் ரிமூவும் நேரடியாக இல்லை, உள்ளே இருக்கும் கலெக்ஷன்களை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும்.

கோட்டுப் படத்தில் செட்_டேட்டா சரியாக நடக்கும், ஆனால் கோடு அச்சின் எல்லையைத் தாண்டி வெளியே போயிருக்கும். ரீலிம், அப்புறம் ஆட்டோஸ்கேல்_வியூ, இரண்டையும் இந்த வரிசையில் கூப்பிடுங்கள். நேர அச்சுக்கு நான் அதையும் நம்புவதில்லை. இப்போதைய நேரம், அதிலிருந்து 24 மணி நேரம் முன்னால் என்று செட்_எக்ஸ்லிம் நேரடியாகக் கொடுத்துவிடுகிறேன். ஒற்றைப் புள்ளியை நகர்த்தும்போது செட்_டேட்டாவுக்கு வெறும் எண்ணைக் கொடுக்காதீர்கள். பழைய பதிப்பு ஏற்றுக்கொண்டது, புதியவை பட்டியல் கேட்டு எர்ரர் தருகின்றன. சதுர அடைப்புக்குள் போட்டால் முடிந்தது.

மேப்பில் தப்பான ஊர்

நேரலைத் தரவை வைத்துக்கொண்டு மேப்பைச் சோதிப்பது வீண் வேலை; எந்தப் புள்ளி எங்கே வர வேண்டும் என்று உங்களுக்கே தெரியாது. நான்கு ஊர்களைக் கையால் எழுதிப் போடுங்கள்: சென்னை (80.27, 13.08), டோக்கியோ (139.7, 35.7), சிலி நாட்டின் சாண்டியாகோ (−70.7, −33.4), ஃபிஜியின் சுவா (178.4, −18.1). நாலும் தத்தம் ஊரில் உட்கார்ந்தால் மேப் சரி. உட்காராவிட்டால் எங்கே போனது என்பதே நோயைச் சொல்லிவிடும்.

சென்னை வடதுருவத்துப் பக்கம் ஸ்வால்பார்டுக்குப் போய்விட்டது, சாண்டியாகோ அண்டார்டிகாவின் வெடல் கடலில் கிடக்கிறது, டோக்கியோவையும் சுவாவையும் காணவில்லை என்றால் அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியிருக்கின்றன. 139.7 டிகிரி அட்சரேகை என்று ஒன்று கிடையாதே. ஜியோஜேசான் கோப்பில் தீர்க்கரேகை முதலில், அடுத்து அட்சரேகை, மூன்றாவதாக யூஎஸ்ஜிஎஸ் கிலோமீட்டரில் ஆழத்தை வைக்கிறது. வலைப்பக்க மேப் வரையும் ஃபோலியம், லீஃப்லெட் இரண்டும் அட்சரேகையை முதலில் கேட்கும். ஜிபிஎஸ் ஆப்களும் அப்படித்தான். ஒரு வழக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு வரும்போதுதான் ஸ்வால்பார்ட் பயணம்.

நான்கும் ஒரே இடத்தில், ஆப்பிரிக்காவின் இடுப்புக்கு மேற்கே கினி வளைகுடாவில் குவிந்திருந்தால், டிரான்ஸ்ஃபார்ம் கொடுக்கவில்லை. உருண்டை பூமியைத் தட்டையாக விரிக்கும் முறைதான் புரொஜெக்ஷன்; ராபின்சன், மெர்கேட்டர் போன்றவற்றின் உள் அளவு மீட்டர். 80.27 என்பதை அது டிகிரியாக எடுக்காது, 80 மீட்டராக எடுக்கும். ஸ்கேட்டரை உருவாக்கும்போதே டிரான்ஸ்ஃபார்ம்=சிசிஆர்எஸ்.பிளேட்காரே() சேர்க்க வேண்டும்; டிகிரியை டிகிரியாகவே வைக்கும் புரொஜெக்ஷன் அது. மேப்பின் புரொஜெக்ஷன் என்னவாக இருந்தாலும், உங்கள் தரவு டிகிரியில் இருந்தால் டிரான்ஸ்ஃபார்ம் பிளேட்காரேதான். புரொஜெக்ஷன் என்பது "எப்படிக் காட்டு", டிரான்ஸ்ஃபார்ம் என்பது "என்னிடம் இருப்பது இது". ஒருமுறை ஸ்கேட்டரில் கொடுத்துவிட்டால் பின்னால் செட்_ஆஃப்செட்ஸுக்கும் அதுவே செல்லும்.

மேப்பே பிளேட்காரே என்றால் டிரான்ஸ்ஃபார்ம் இல்லாமலும் எல்லாம் சரியாக வரும், அதனால் பலர் விட்டுவிடுகிறார்கள். பசிபிக்கை நடுவில் கொண்டுவர சென்ட்ரல்_லாங்கிட்யூட்=180 போட்ட அன்றைக்குத் தெரியும்: சென்னை மெக்சிகோவுக்குத் தெற்கே கடலில் மிதக்கும். நிலநடுக்க மேப்புக்கு அந்த 180 அவசியம் என்று நான் நினைக்கிறேன். 0 நடுவில் இருந்தால் டோங்கா, ஃபிஜி நடுக்கங்கள் பாதி வலது ஓரத்திலும் பாதி இடது ஓரத்திலும் சிதறி, ஒரே வரிசை என்பதே தெரியாது. பசிபிக் நடுவில் வந்தால் அதைச் சுற்றியுள்ள நடுக்கப் பட்டையான நெருப்பு வளையம் முழுசாகக் கண்ணில் விழும். வெட்டு அட்லாண்டிக்கின் ஓரத்திலும் ஆப்பிரிக்காவிலும் விழும், பரவாயில்லை.

புள்ளி சரியான இடத்தில் இருக்கிறது, ஆனால் மேப்புக்கு வெளியே இருக்கிறது என்பதும் உண்டு. முதல் தரவோடு ஸ்கேட்டர் வரைந்தால் கார்ட்டோபை அந்தத் தரவை மட்டும் சுற்றி எல்லையைச் சுருக்கிவிடும். முதல் சுற்றில் கலிஃபோர்னியா மட்டும் இருந்தால், பிறகு ஜாவாவில் வருவது தெரியாது. உலக மேப்பென்றால் ஸ்கேட்டருக்குப் பின் செட்_குளோபல், பகுதி மேப்பென்றால் செட்_எக்ஸ்டென்ட். எக்ஸ்டென்ட் கேட்கும் வரிசை மேற்கு, கிழக்கு, தெற்கு, வடக்கு. ஜியோபாண்டாஸின் டோட்டல்_பவுண்ட்ஸ் தருவது மேற்கு, தெற்கு, கிழக்கு, வடக்கு. அப்படியே ஒட்டாதீர்கள்.

"சார், இந்தியாவுல சின்ன நடுக்கமே வரமாட்டேங்குது, என்ன தப்பு?" என்றும் கேட்பார்கள். தப்பு இல்லை. யூஎஸ்ஜிஎஸ் தன் நாட்டுக்குள் மிகச் சிறியவற்றையும் பதிகிறது, பிற நாடுகளில் பெரும்பாலும் 4.5-ஐ ஒட்டியவற்றைத்தான். நம் ஊர்ச் சிறு நடுக்கங்களுக்கு டெல்லியில் உள்ள தேசிய நில அதிர்வு மையத்தின் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

தரவிலேயே கோளாறு

யூஎஸ்ஜிஎஸ் நேரம் மில்லிவிநாடியில் வரும். அதை அப்படியே டேட்டைமுக்குக் கொடுத்தால் ஆண்டு எல்லை மீறியது என்று எர்ரர். அது நல்லது, உடனே தெரியும். பாண்டாஸின் டு_டேட்டைமுக்கு யூனிட் சொல்லாமல் கொடுத்தால் எர்ரர் வராது. நானோவிநாடி என்று எடுத்துக்கொண்டு, எல்லா நடுக்கத்தையும் 1970 ஜனவரி 1, நள்ளிரவு தாண்டி அரை மணிக்குள் வைத்துவிடும். நேர அச்சில் 1970 தெரிந்தால் காரணம் இதுதான். யூனிட்='எம்எஸ்', யூடிசி=ட்ரூ (யூடிசி என்பது உலகப் பொது நேரம்) இரண்டையும் கொடுங்கள். இந்திய நேரத்தோடு கலந்தால் ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கும். உள்ளே எல்லாவற்றையும் யூடிசியில் வைத்துக்கொண்டு திரையில் காட்டும்போது மட்டும் மாற்றுவதுதான் என் பழக்கம்.

ஆர்டுயினோ சென்சாரிலிருந்து சீரியல் போர்ட் வழியாகப் படிப்பவர்களுக்கு வேறொரு கூத்து. ஒய் அச்சில் 23.5, 9.8, 24.1, 10.2 என்று எண்கள் வரிசையில்லாமல் ஏறும், கோடு எப்போதும் படிக்கட்டு போல மேலேயே போகும். வந்தது எண் இல்லை, எழுத்து. மேட்பிளாட்லிப் எழுத்தை வகைப் பெயர் என்று எடுத்து, வந்த வரிசையில் அச்சில் அடுக்கிவிடும். ஃப்ளோட் போட்டு மாற்றினால் முடிந்தது.

ஒரு நடுக்கத்தின் இடமும் அளவும் பின்னால் திருத்தப்படும்; சில நீக்கவும்படும். பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனால் ஒரே நடுக்கம் இரண்டு மூன்று வட்டமாக நிற்கும். ஐடியைச் சாவியாக வைத்து டிக்ஷனரியில் எழுதுங்கள், புதியது பழையதன் மேல் ஏறிக்கொள்ளும். இன்னும் சுலபம், ஒரு நாள் ஃபீட்டையே எடுத்து ஒவ்வொரு சுற்றிலும் முழுசாக மாற்றிவிடுவது. நீக்கப்பட்டதும் தானாகப் போய்விடும்.

கடைசித் தரவு எப்போது வந்தது என்பதைத் திரையிலேயே எழுதி வையுங்கள். நடுக்கம் இல்லாத நேரமும், நெட் அறுந்த நேரமும் பார்ப்பவருக்கு ஒரே படம்தான். தரவு வந்து 10 நிமிடம் தாண்டினால் அந்த எழுத்து சிவப்பாகட்டும். முயற்சி தோற்றால் பேசாமல் கடந்து போகும் வெற்று எக்ஸெப்ட் எழுதியவர்களுக்கு இந்த ஒரு வரி இல்லாமல் எதுவுமே தெரியாது.

போகப் போக மெதுவாகிறது

காலையில் நன்றாக ஓடி மாலையில் திணறினால், ஏதோ சேர்ந்துகொண்டே போகிறது. மேலே சொன்ன கலெக்ஷன்ஸ் எண்ணிக்கையைப் பாருங்கள். ஏஎக்ஸ்.டெக்ஸ்ட்ஸ் எண்ணிக்கையையும் பாருங்கள், ஒவ்வொரு சுற்றிலும் புது எழுத்து எழுதுபவர்கள் அங்கே மாட்டுவார்கள். ஒரு டெக்ஸ்டை வைத்துக்கொண்டு செட்_டெக்ஸ்ட் போடுங்கள். 20 ஃபிகருக்கு மேல் திறந்திருக்கிறது என்று எச்சரிக்கை வந்தால் லூப்புக்குள் பிஎல்டி.ஃபிகர் இருக்கிறது, வெளியே எடுங்கள். சென்சார் தரவைச் சேர்த்துக்கொண்டே போகும் பட்டியலுக்குப் பதில் டெக்(மேக்ஸ்லென்=500) வைத்தால், 501-வது வரும்போது முதலாவது தானாக உதிரும். ஃபங்க்அனிமேஷனுக்கு கேஷ்_ஃப்ரேம்_டேட்டா=ஃபால்ஸ் கொடுத்துவிடுங்கள், முடிவில்லாமல் ஓடும் படத்துக்குப் பழைய ஃப்ரேம் எதற்கு.

ஆரம்பத்திலிருந்தே மெதுவாக இருந்தால் கடற்கரைக் கோட்டைச் சந்தேகியுங்கள். கோஸ்ட்லைன்ஸுக்கு மிக நுணுக்கமான 10எம் கொடுத்திருந்தால் உலகின் ஒவ்வொரு வளைவும் நெளிவும் ஒவ்வொரு சுற்றிலும் திரும்ப வரையப்படும். டிவியில் பார்க்கும் உலக மேப்புக்கு 110எம் போதும், வங்கக் கடலளவு பகுதிக்கு 50எம். இந்தக் கோடுகளை கார்ட்டோபை முதல் முறை நேச்சுரல் எர்த் தரவாக இணையத்திலிருந்து இறக்கும். நெட் இல்லாத கணினியில் மேப் வெறுமையாக வந்தால் அதுதான். நெட் உள்ள இடத்தில் ஒருமுறை ஓட்டிவிட்டு எடுத்துப் போங்கள்.

பிளிட்=ட்ரூ போட்டால் கோடுகளை ஒருமுறை வரைந்து படமாக வைத்துக்கொண்டு, புள்ளிகளை மட்டும் மேலே பூசும். வேகம் நன்றாகவே கூடும். அதற்கு இரண்டு நிபந்தனை. மாறும் பொருள்கள் எல்லாவற்றையும் ஃபங்ஷன் பட்டியலாக ரிட்டர்ன் செய்ய வேண்டும். ஒரே பொருள் என்றாலும் அதன் பின்னால் கமா இருக்க வேண்டும். இரண்டாவது, பிளிட் பூசுவது அச்சுச் சட்டத்துக்கு உள்ளே மட்டும். செட்_டைட்டில் மூலம் நேரத்தை மாற்றினால் தலைப்பு பழைய நேரத்திலேயே நிற்கும், அச்சின் எண்களும் நகராது. நேரத்தை மேப்புக்குள்ளேயே ஒரு மூலையில் ஏஎக்ஸ்.டெக்ஸ்டாக எழுதி, டிரான்ஸ்ஃபார்ம்=ஏஎக்ஸ்.டிரான்ஸ்ஆக்சஸ் கொடுத்து, புள்ளிகளோடு சேர்த்து ரிட்டர்ன் செய்யுங்கள். நேர அச்சு நகர வேண்டிய கீழ் பிளாட்டுக்கு பிளிட் ஒத்துவராது. அதைத் தனி ஃபிகரில் பிளிட் இல்லாமல் ஓட்டுங்கள், அல்லது அச்சின் எல்லை மாறும் சமயத்தில் மட்டும் டிரா_ஐடில் கூப்பிட்டு முழுப் படத்தையும் ஒருமுறை வரைய விடுங்கள்.